கண்ணாடி நூலுக்குள் ஒரு லேசர்

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

தொலைபேசிப் பேச்சையும் படங்களையும் ஒளியாக மாற்றி, தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளின் வழியே அனுப்புகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கண்ணாடி மிகமிகத் தூய்மையானது. 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி இதில் ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் நூற்றுக்கு நாலரைப் பங்குதான் குறையும். அடேயப்பா, எவ்வளவு குறைவு என்று தோன்றுகிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் எவ்வளவு மிஞ்சும்? புறப்பட்டதில் நூறில் ஒரு பங்கு. இருநூறு கிலோமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் இரண்டு சுழியங்கள் காணாமற் போகின்றன.

ஒரு மில்லிவாட் ஒளியை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நொடிக்கு ஏறக்குறைய எண்பது கோடி கோடி போட்டான்கள், அதாவது ஒளித்துணுக்குகள், புறப்படுகின்றன. எட்டு போட்டு அதன்பின் பதினைந்து சுழியங்கள்! எண்ணூறு கிலோமீட்டர் போனபின் நொடிக்கு ஒரு போட்டான்கூட முழுதாக வந்து சேராது. அட்லாண்டிக் கடலின் அகலமோ ஏறத்தாழ ஆறாயிரம் கிலோமீட்டர்.

ஆகவே வழியில் ஒளிக்குப் பலம் ஊட்டியே ஆகவேண்டும். 1988-இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் ஒளியிழை வடம் போடப்பட்டபோது இதற்கு ஒரு சுற்றுவழியைக் கையாண்டார்கள். சில பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு பெட்டி. அதில் சோர்ந்துபோன ஒளியை மின்துடிப்பாக மாற்றுவார்கள்; மின்துடிப்பைச் சீர்செய்வார்கள்; மீண்டும் ஒரு சிறு லேசரைக் கொண்டு ஒளியாக்கி அனுப்புவார்கள். இந்த மின்னணுச் சுற்றுகள் எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டனவோ அந்த வேகத்தில்தான் செய்தி போகும். வேகத்தைக் கூட்ட வேண்டுமா? கடலடியிலிருந்து அத்தனை பெட்டிகளையும் தூக்கி மாற்ற வேண்டும். நடக்கிற காரியமா?

ஒளியை ஒளியாகவே வைத்துப் பெருக்க முடியுமானால்? இந்தக் கேள்விக்கு விடை தந்தது எர்பியம் என்னும் ஒரு தனிமம்.

எர்பியத்தின் அணு எண் 68. சுவீடன் நாட்டில் இட்டர்பி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள சுரங்கத்திலிருந்து எடுத்த கனிமத்தை ஆராய்ந்து 1843-இல் மோசாண்டர் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என நான்கு தனிமங்கள் இந்த ஒரே ஊரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எந்தப் பெரிய நகரத்துக்கும் கிடைக்காத பெருமை இது! எர்பியம் ஆக்சைடு அழகிய ரோஜா நிறமுடையது. கண்ணாடிக்கு நிறமூட்டக்கூட அதைப் பயன்படுத்துவார்கள்.

கண்ணாடிக்குள் கலந்த எர்பியம் அயனிக்கு மூன்று சக்தி நிலைகள் உண்டு என்று நம் வசதிக்காக எடுத்துக்கொள்வோம். கிணறு, மேல்நிலைத் தொட்டி, அதற்கும் மேலே தண்ணீர் விழும் குழாய்வாய், இவற்றை மனத்தில் நிறுத்துங்கள். 980 நானோமீட்டர் ஒளி கிணற்றிலிருந்து அயனியை நேரே குழாய்வாய்க்குத் தூக்கிவிடும். இதற்குத்தான் இறைத்தல் என்று பெயர். அங்கே அயனி நிலைத்திருக்காது; சில மைக்ரோ நொடிகளில் தொட்டிக்கு இறங்கிவிடும். தொட்டியிலோ சராசரியாகப் பத்து மில்லி நொடி, அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் தங்கும். இது ஒரு பெரிய நேரமா என்று சிரிக்காதீர்கள். சாதாரணமாகக் கிளர்ச்சியுற்ற அணு தங்கும் நேரத்தைவிட இது ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு அதிகம். இப்படிப்பட்ட நிலையைச் சிற்றுறுதி நிலை என்பார்கள்.

தொட்டியில் காத்திருக்கும் அயனியின் அருகே 1550 நானோமீட்டர் ஒளித்துணுக்கு ஒன்று போனால், அயனி கிணற்றுக்கு விழுந்து, அதே அலைநீளமும் அதே திசையும் கொண்ட இன்னொரு துணுக்கை வெளியிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். கண்ணாடி எந்த அலைநீளத்தில் மிகக் குறைவாக ஒளியை விழுங்குகிறதோ, அதே அலைநீளத்தில் எர்பியம் ஒளியைப் பெருக்குகிறது. இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. தற்செயலாக நேர்ந்த பொருத்தம்தான்!

அப்படியானால் இதை முன்பே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் முடிச்சு இருக்கிறது.

கிணற்றில் கிடக்கும் எர்பியம் சும்மா கிடப்பதில்லை. அது 1550 நானோமீட்டர் ஒளியை விழுங்கித் தொட்டிக்கு ஏறப் பார்க்கும். மேலே உள்ளவன் ஒளி தருகிறான். கீழே உள்ளவன் பறிக்கிறான். நூறு அயனிகளில் ஐம்பதுக்கும் மேல் தொட்டியில் இருந்தால்தான் நமக்கு லாபம். அதுவரை இறைத்த சக்தியெல்லாம் வெறும் கைச்செலவு. 1960-இல் மெய்மான் செய்த முதல் லேசரின் மாணிக்கக் கல்லிலும் இதே தொல்லைதான். அதனால் அவர் கண்ணைப் பறிக்கும் மின்னல் விளக்கைக் கொண்டு, துடிப்புத் துடிப்பாகவே லேசர் ஒளியைப் பெற்றார். அமெரிக்க விஞ்ஞானி எலியாஸ் ஸ்னிட்சர் 1964-இல், நியோடிமியம் கலந்த ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி இழையை மின்னல் விளக்கின்மேல் சுருள்வில் போலச் சுற்றி, கெஸ்டர் என்பவருடன் சேர்ந்து ஒளியைப் பெருக்கிக் காட்டினார். 1965-இல் எர்பியக் கண்ணாடியிலும் லேசரை உண்டாக்கினார். ஆனாலும் தொடர்ந்து, சிறு சக்தியில் ஒளிவிடும் எர்பியம் லேசர் எட்டாத கனியாகவே இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்ப்பது இழையின் மெலிவு. மறுபடியும் பென்சிலை எடுங்கள். ஒளி ஓடுகிற உள்ளகத்தின் விட்டம் 6 மைக்ரான். குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மைக்ரான். இதற்குள் பத்து மில்லிவாட் ஒளியைப் புகுத்துகிறோம். கைவிளக்கு பல்பு செலவிடும் மின்சாரத்தில் எழுபதில் ஒரு பங்குதான் இது! ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முப்பத்தையாயிரம் வாட்! நடுப்பகல் வெயில் சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்குத் தருவதைப்போல் மூன்றரை லட்சம் மடங்கு. வில்லையால் வெயிலைக் குவித்தால் குவியத்தில் மட்டுமே அந்தச் சூடு. இழையிலோ முழு அக எதிரொளிப்பு ஒளியை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால், மீட்டர் மீட்டராக அதே செறிவு நீடிக்கிறது. சிறு ஊற்றுநீரும் குறுகிய வாய்க்காலில் ஓடினால் வேகமாகத்தானே ஓடும்?

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னும் அவருடைய குழுவினரும் 1985-வாக்கில் இந்த வழியில் இறங்கினார்கள். கண்ணாடிக்குள் எர்பியத்தை எப்படிக் கலப்பது? அவர்கள் கையாண்ட முறை அழகானது. சிலிக்காக் குழாயின் உட்சுவரில் நுண்ணிய கண்ணாடிப் புகைக்கரியை, பஞ்சுபோல் துளைகள் உள்ள படிவமாகப் படியவிடுகிறார்கள். எர்பியம் குளோரைடு கரைசலில் அதை ஊறவைக்கிறார்கள். பிறகு உலர்த்தி, சூடேற்றி, திண்ணிய தண்டாக்கி, அதை உருக்கி நூலாக இழுக்கிறார்கள். எர்பியம் மிகக் கொஞ்சமே, பத்து லட்சத்தில் சில நூறு பங்கு. ஏராளமாகக் கலந்தால் இன்னும் நல்லதுதானே என்றால், இல்லை. அயனிகள் நெருங்கிக் கூட்டமாகிவிடும். ஒன்று தன் சக்தியை அடுத்ததற்குக் கொடுத்து வீணாக்கிவிடும். கூடவே சிறிது அலுமினியம் சேர்த்தால் அவை பிரிந்து நிற்கும்.

1986-இல் இக்குழு 1.55 மைக்ரான் பகுதியில் தொடர்ந்து ஒளிரும் எர்பியம் இழை லேசரைச் செய்து காட்டியது.

இப்போது நாமே ஒரு சோதனைச்சாலையில் இதை அமைப்பதாகக் கற்பனை செய்வோம். முதலில் 980 நானோமீட்டர் ஒளி தரும் ஒரு குறைகடத்தி லேசர். இதுதான் நம் ஏற்றம். அடுத்து இரு அலைநீளங்களையும் ஒரே இழையில் சேர்க்கும் இணைப்பி. பிறகு சில மீட்டர் எர்பியம் இழை. அதன் முனையில் ஒளியை ஒரே திசையில் விடும் ஒருவழிக் கதவு. கடைசியில் பத்தில் ஒரு பங்கு ஒளியை வெளியே பிரித்துத் தந்து, மீதியைத் தொடக்கத்துக்கே அனுப்பும் பிரிப்பான். ஆக, ஒரு வளையம். பழைய லேசர்களைப்போல் இரு கண்ணாடிகள் எதிரெதிரே வேண்டியதில்லை. ஒளி செக்கு மாடு போலச் சுற்றிவரும். ஒருவழிக் கதவு எதற்கு? எதிரெதிராக ஓடும் ஒளி அலைகள் சேர்ந்தால் நிலையலைகள் தோன்றி, லேசரின் அலைநீளத்தை அலைபாய விடும்.

இனி இறைக்கும் ஒளியை மில்லிவாட் மில்லிவாட்டாகக் கூட்டி, வெளிவருவதை அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். முதலில் கோடு தரையிலேயே கிடக்கும். ஒரு புள்ளியில் திடீரென்று நிமிர்ந்து நேர்கோடாக மேலேறும். அந்தப் புள்ளிதான் பயன்தொடக்கத் திறன். அது 10 மில்லிவாட்டில் வந்தது, 60 மில்லிவாட் இறைத்தபோது 15 மில்லிவாட் வெளிவந்தது என்று வைத்துக்கொண்டால், சரிவு 15-ஐ 50-ஆல் வகுத்தது, அதாவது 30 விழுக்காடு. இழையின் நீளத்தையோ பிரிப்பானையோ மாற்றினால் சரிவும் மாறும். எவ்வளவு திறமையாகச் செய்தாலும் 63 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. ஏனென்றால் 980 நானோமீட்டர் துணுக்கு ஒன்றைக் கொடுத்து, சக்தி குறைந்த 1550 நானோமீட்டர் துணுக்கு ஒன்றைத்தான் வாங்குகிறோம். 980-ஐ 1550-ஆல் வகுத்துப் பாருங்கள், விடை வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது நீளச் சோதனை. இழை குட்டையாக இருந்தால் இறைப்பு ஒளி பயன்படாமலே மறுமுனைக்கு ஓடிவிடும். மிக நீளமாக்கினாலோ, கடைசிப் பகுதிக்கு இறைப்பு ஒளி எட்டாது. அங்கே பட்டினி கிடக்கும் எர்பியம், முன்பகுதி பெருக்கிக் கொடுத்த ஒளியை விழுங்கத் தொடங்கும். வேடிக்கை என்னவென்றால், அது 1530 நானோமீட்டர் அருகேதான் அதிகம் விழுங்கும். ஆகவே நீண்ட இழையில் லேசர் தானாகவே 1560, 1570 என்று நெடிய அலைநீளங்களுக்கு நகர்ந்துவிடும். கத்தரிக்கோலும் பொறுமையும் இருந்தால் லேசரின் நிறத்தையே மாற்றலாம்!

இன்னொன்று. வெட்டிய கண்ணாடி முனை நூற்றுக்கு நாலு பங்கு ஒளியைத் திருப்பும். எர்பியத்தின் பெருக்கம் அவ்வளவு வலிமையானதால், அந்த நாலு பங்கே சில சமயம் கண்ணாடி வேலையைச் செய்து, நாம் கேட்காத இடத்தில் லேசர் கிளம்பிவிடும். அதைத் தடுக்க முனைகளைச் சுமார் எட்டுப் பாகை சாய்வாக வெட்டுவார்கள்.

வலுவாக இறைக்கும்போது எர்பியம் இழை பச்சையாக மின்னுவதைக் காணலாம். ஒரே அயனி இரண்டு படி ஏறிவிட்டதன் விளைவு அது. ஆனால் ஏமாந்துவிடாதீர்கள்! ஆபத்தானது அந்தப் பச்சை அல்ல. 980, 1550 இரண்டும் கண்ணுக்கே தெரியாதவை. முதலாவது விழித்திரையைச் சுடும். இரண்டாவது வலுவாக இருந்தால் விழிவெண்படலத்தைக் கெடுக்கும். எரிகிற லேசரின் இழைமுனையை எட்டிப் பார்ப்பது ஒருநாளும் கூடாது.

இதே வளையத்தை வேறு விதமாகத் தட்டி எழுப்பினால் தொடர் ஒளிக்குப் பதில் துடிப்புகள் வரும். பத்து மீட்டர் வளையத்தை ஒளி சுற்றிவர நொடியில் இரண்டு கோடியில் ஒரு பங்கு போதும். ஆகவே நொடிக்கு இரண்டு கோடித் துடிப்புகள். 1993-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் இவ்வாறு 77 பெம்டோ நொடித் துடிப்பைப் பெற்றார்கள். அந்த நேரத்தில் ஒளியே 23 மைக்ரான்தான் நகரும். ஒரு தலைமுடியின் தடிமனைக்கூடத் தாண்டாது!

கடலுக்குத் திரும்புவோம். லேசரிலிருந்து திரும்பிவரும் ஒளியை நிறுத்திவிட்டால் மிஞ்சுவது வெறும் பெருக்கி. 1987-இல் பெய்ன் குழுவினர் இதைத்தான் செய்தார்கள். இழையின் ஒருமுனையில் புகுந்த ஒளி நூறு மடங்குக்கும் மேல் பெருகி வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தெசுர்வீர் குழுவினரும் வெற்றி கண்டார்கள். ஆனால் இறைப்புக்கு அவர்கள் வைத்திருந்த லேசர்கள் மேசையை அடைத்துக்கொள்ளும் பூதங்கள். அவற்றைக் கடலடியில் எப்படி வைப்பது? 1989-இல் ஜப்பானில் நகசாவா குழுவினர் 1480 நானோமீட்டர் தரும் சிறு குறைகடத்தி லேசரால் இறைத்துக் காட்டிய பின்தான் பொறியாளர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 1996-இல் எர்பியம் பெருக்கிகளைக் கொண்ட வடம் அட்லாண்டிக்கைக் கடந்தது. இழைக்குள் எத்தனை நிறங்கள் வந்தாலும், எந்த வேகத்தில் வந்தாலும், எர்பியம் அத்தனையையும் ஒருசேரப் பெருக்குகிறது.

இன்றும் கடலடிப் பெருக்கிகளுக்கு மின்சாரம் கரையிலிருந்து, அதே வடத்தில் ஓடும் செம்பு உறை வழியாகத்தான் போகிறது. பெருக்கி ஒன்று பழுதானால் கப்பல் போய்த் தூக்க வேண்டும். அதனால் ஒரு இழைக்கு ஒரு இறைப்பு லேசர் என்று வைப்பதில்லை. இரண்டு லேசர்களின் ஒளியைக் கலந்து, இரண்டு இழைகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறார்கள். ஒன்று அணைந்தாலும் மற்றது இரண்டுக்கும் பாதிப் பாதியாக இறைத்துக்கொண்டிருக்கும்.