விடை அச்சிடப்படாத பாடம்

மண்ணாடிப்பட்டுச் சிற்றூர்களிலிருந்து புதுவைக் கல்லூரிகளுக்குப் பேருந்தேறும் நம் பிள்ளைகளுள் சிலர் மேலாண்மை பயில்கின்றனர். அவர்களைத் திகைக்க வைக்கும் பாடம் ஒன்று உண்டு. அதனைக் 'கேஸ் ஸ்டடி' என்பர், நேர்வாய்வு எனலாம். ஒரு நிறுவனம் உண்மையிலேயே சந்தித்த சிக்கலை விவரித்து, 'நீ என்ன செய்வாய்?' எனக் கேட்டு அது நின்றுவிடும். விடை எப்பக்கத்திலும் இராது. மனப்பாடத்தாலேயே தேறி வந்த பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் தோன்றும். ஆயினும் அஞ்ச வேண்டுவதில்லை, வழி உண்டு.

நமக்கு அணித்தான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணமே ஏழைகளின் இலவச சிகிச்சையைத் தாங்கிற்று. இன்று தவளக்குப்பத்திலும் அதன் கிளை உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் இதனை நேர்வாய்வாக வெளியிட்டது.

இத்தகைய பாடத்தை முதன்முறை விரைவாக வாசிக்க வேண்டும். முடிவெடுக்க வேண்டியவர் யார், எதைக் குறித்து என்பது மட்டும் தெளிந்தால் போதும். இரண்டாம் முறை கையில் பென்சில் வேண்டும். உண்மைச் செய்தி எது, ஒருவருடைய கருத்து எது எனப் பிரித்துக் குறிக்க வேண்டும். அட்டவணைகளைத் தாண்டிச் செல்லாமல் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். பின்னர், இயலக்கூடிய வழிகளை எழுதி, ஒவ்வொன்றாலும் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு எனச் சீர்தூக்கி, ஒன்றைத் தேர்ந்து காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதுக. வகுப்புக்கு முன் நண்பர் மூவர் நால்வரோடு வாதிட்டுப் பார்த்தல் நலம்.

அறுவை சிகிச்சை இலவசம் என்றபோதும், முகாமில் கண்புரை கண்டறியப்பட்ட பலர் தொடக்கத்தில் மருத்துவமனைக்கு வரவில்லை. ஏன்? 'அறியாமை' என எழுதி முடிப்பது எளிது. ஆனால் அது கருத்தேயன்றிச் சான்றன்று. பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலி, அச்சம் ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பவரே சிக்கலின் வேரைக் காண்கிறார். மருத்துவமனையும் ஊர்தி, உணவு ஆகியவற்றைத் தானே அளித்தது.

கூலி வேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளைக்கு இக்கணக்கை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தன் வீட்டு அறிவு வகுப்பில் செல்லாக்காசு என அது நாணி வாய்மூடி இருத்தலே இழப்பு.

பெற்றோரே, 'இன்று என்ன படித்தாய்?' என்பதோடு நில்லாதீர்கள். 'நீ என்ன முடிவு செய்தாய்? ஏன்?' என்றும் கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.