45 நிமிடத்தில் எங்கே போய்ச் சேரலாம்?

சென்னை கண்ணகி நகர் பஸ் ஸ்டாப்பில் காலையில் நிற்கிற பெண்களில் பலர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். நகரத்துக்குள் இருந்த குடிசைகளை அகற்றி, அவற்றில் வாழ்ந்தவர்களை 2000 முதல் இங்கே குடியேற்றினார்கள். வீடு கிடைத்தது, வேலை தூரமாகிவிட்டது.

போக்குவரத்துத் திட்டங்களில் இந்தத் தூரம் கணக்கில் வருவது அபூர்வம். ஒரு மேம்பாலம் எத்தனை வண்டிகளுக்கு எத்தனை நிமிடம் மிச்சம் பிடிக்கும் என்று பார்க்கிறார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டம் என்றால் 118.9 கிலோமீட்டர் என்று நீளத்தைச் சொல்கிறார்கள். வண்டியே இல்லாதவர் இதில் எங்கே இருக்கிறார்?

வால்டர் ஹேன்சன் என்ற அமெரிக்கர் 1959-லேயே வேறு கேள்வி கேட்டார்: ஓர் இடத்திலிருந்து எத்தனை வாய்ப்புகள் எட்டும் தொலைவில் இருக்கின்றன? அதை எளிமையாக இப்படிப் போடலாம். ஒரு வீட்டிலிருந்து 45 நிமிடத்துக்குள் எத்தனை வேலைகள், அரசு மருத்துவமனைகள், கல்லூரிகள்? இன்றைய நிலைக்கு ஒரு முறை, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு முறை எண்ணிப் பார்த்தால், எது யாருக்கு உதவும் என்று தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, ஸ்டாப்புக்கு நடை 10 நிமிடம், பஸ்ஸுக்குக் காத்திருப்பு 20, பயணம் 40, இறங்கி நடக்க 5 என்று வைப்போம். கோடிக்கணக்கில் செலவழித்துப் பயணத்தில் 10 நிமிடம் குறைக்கலாம். கூடுதலாகப் பஸ் விட்டுக் காத்திருப்பிலும் அதே 10 நிமிடத்தைக் குறைக்கலாம். வேகத்தை மட்டும் அளப்பவர் கண்ணுக்கு இரண்டாவது வழி தெரியவே தெரியாது.

லண்டனில் இப்படி ஓர் அளவுகோல் வழக்கத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாப் 640 மீட்டருக்குள், ரயில் நிலையம் 960 மீட்டருக்குள் இருக்கிறதா, வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று பார்த்து ஒவ்வோர் இடத்துக்கும் தரம் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பஸ் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது சொல்லாது. அப்படியே காப்பியடித்தால் நமக்குப் போதாது.

சராசரியும் ஏமாற்றும். பெருநகரம் முழுவதற்கும் ஒரே எண்ணைப் போட்டால் கண்ணகி நகரைப் போன்ற இன்னொரு மறுகுடியேற்றப் பகுதியான பெரும்பாக்கம் அதில் காணாமல் போய்விடும். கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். 2021-இல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ் இலவசமானபோது பயண நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை, ஆனாலும் காசில்லாமல் போகாதிருந்த இடங்கள் அவர்களுக்கு எட்டின.

சென்னையின் தெற்கு விளிம்பில், வெளியூர்ப் பஸ்களுக்கான கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது, பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமலேயே. வடசென்னையில் இருக்கிற தண்டையார்பேட்டைக்காரர் அங்கே போய்த் திருச்சி பஸ்ஸைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கை முன்னால் வைத்திருந்தால், முதலில் வந்திருக்க வேண்டியது ரயில் நிலையம்தான்.

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் (கும்டா) இனி எந்தத் திட்டத்தை முன்வைத்தாலும், ஒப்பந்தம் போடும் முன்பே, வார்டு வாரியாக இந்த 45 நிமிடக் கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும்.