தடிமனுக்குள் வெளிச்சம்

அடிகனமான கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காபியை ஊற்றினால் சட்டென்று விரிசல் விட்டுவிடும். மெல்லிய டம்ளர் பெரும்பாலும் தப்பிக்கும். சூடு உள்ளே ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி இருப்பதைக் கனமான கண்ணாடி தாங்காது. ஒரு முழம் தடிமனில் கண்ணாடிச் சிற்பம் வார்ப்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

செக் நாட்டின் ஜெலெஸ்னி பிரோட் என்ற சிற்றூரில் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரோஸ்லாவா பிரிஹ்தோவாவும் அதைத்தான் பல பத்தாண்டுகள் செய்தார்கள். கணவர் லிபென்ஸ்கி வரைவார், மனைவி பிரிஹ்தோவா அதைக் களிமண்ணில் வடிப்பார். களிமண் உருவத்திலிருந்து பிளாஸ்டர் பிரதி. அதிலிருந்து உலைச்சூட்டைத் தாங்கும் அச்சு. அச்சுக்குள் கண்ணாடிக் கட்டிகளை அடுக்கிச் சூளையில் ஏற்றுவார்கள். 800 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கட்டிகள் இளகி, வெல்லப்பாகுபோல மூலைமுடுக்கெல்லாம் இறங்கும்.

உருக்குவது சில நாள் வேலை. ஆறவிடுவதுதான் தவம். மேற்புறம் முந்திக்கொண்டு இறுகிவிட்டால், உள்ளே பின்னால் சுருங்கும் பகுதி அதைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பு கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். தடிமன் இரண்டு மடங்கானால் ஆறுவதற்கு நான்கு மடங்கு நேரம் தேவை. பெரிய சிற்பங்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சூளைக்குள்ளேயே கிடக்கும். அமெரிக்காவின் கார்னிங் நகரில் 1934 டிசம்பரில் பாலோமர் தொலைநோக்கிக்காக வார்த்த 20 டன் கண்ணாடி வட்டு ஆறுவதற்குச் சுமார் 10 மாதங்கள் ஆயின.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் தடிமனாக வார்க்க வேண்டும்? நிறத்துக்காகத்தான். சிற்பம் முழுக்க ஒரே சிவப்புக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் மெலிந்த இடத்தில் வெளிச்சம் எளிதாகப் புகுந்து நிறம் வெளுக்கும்; நடுவில் ஆழம் கூடக் கூட அடர்ந்து, ஏறக்குறைய கறுப்பாகும். தூரிகை தொடாமலே ஓர் ஓவியம்! களிமண்ணை ஒரு விரற்கடை கூடுதலாகச் சுரண்டும்போதே பிரிஹ்தோவா அந்த இடத்தின் நிறத்தையும் தீர்மானித்துவிடுவார். களிமண்ணில் ஒளி ஊடுருவாது; எனவே அந்த நிறத்தை அவர் மனசுக்குள்தான் பார்த்தாக வேண்டியிருந்தது. இந்தக் கலையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

சூளை ஆறியதும் அச்சை உடைத்து எடுப்பார்கள். ஓர் அச்சு ஒரே ஒரு முறைக்குத்தான். வெளியே வரும் சிற்பம் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். பிறகு சாணை பிடித்து மெருகேற்ற வேண்டும். மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து தெளியும்போதுதான், களிமண்ணில் தீர்மானித்த நிறம் முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரியவரும்.