கண் மங்கினால் மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள்

காக்காய் வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் ஒரே மாத்திரையா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், டோபிராமேட் என்னும் மாத்திரை இரண்டுக்கும் கொடுக்கப்படுகிறது. டோபாமேக்ஸ் என்பதும் இதுவே. நல்ல மருந்துதான், ஆனால் அபூர்வமாகச் சிலருடைய கண்ணைத் தாக்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டிலேயே டாக்டர்களுக்கு இதுபற்றி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பப்பட்டது.

கண்ணுக்குள் வில்லையைத் தாங்கும் சதை வீங்கி, வில்லையை முன்னே தள்ளுகிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி அடைபட்டு, அழுத்தம் ஏறுகிறது. நேற்றுவரை தெளிவாகத் தெரிந்த பஸ் நம்பர் இன்று மங்கலாகத் தெரியும். கண் வலிக்கும், சிவக்கும். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும், மாத்திரை தொடங்கிய முதல் மாதத்துக்குள் இப்படி நேரும். கண் அழுத்த நோய் வயதானவர்களுக்குத்தானே என்று இருந்துவிடாதீர்கள். இது பள்ளிப் பிள்ளைக்கும் வரும்.

தலைவலிக்காரர் என்ன செய்வார்? இதுவும் பழைய தலைவலிதான் என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவார். இன்னொருவர் கண்ணாடிக் கடைக்குப் போவார். பணம் போகும், பொழுதும் போகும்!

காப்பார் வட்டாரத்து அன்பர்களே, அன்றைக்கே கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, எந்த நாளில் தொடங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். தாமதித்தால் நிரந்தரமாகவே போய்விடலாம். ஆனால் வலிப்புக்காரர்கள் தாமாகவே மாத்திரையை நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பி வரக்கூடும். நிறுத்துவதையும் வேறு மருந்து கொடுப்பதையும் டாக்டரே முடிவு செய்யட்டும்.