உண்பதற்காகக் கட்டப்படும் சிற்பம்

கட்டடக்கலை படிக்கும் மாணவர்களிடம் செங்கல்லும் சிமெண்டும் தராமல், சில ஆயிரம் உணவு டின்களைக் கொடுத்து ஒரு சிற்பம் கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? பீன்ஸ், சூரை மீன், மக்காச்சோளம், தக்காளி என்று அத்தனையும் பிரிக்காத டின்கள். 10 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரத்துக்குள் அடங்க வேண்டும். நிரந்தரமாக ஒட்டும் பசை கூடாது. உள்ளே மரச்சட்டம் வைத்துத் தாங்கவும் கூடாது. சிற்பம் தன் காலில் தானே நிற்க வேண்டும். கண்காட்சி முடிந்ததும் அதைக் கலைத்து, டின்களை அந்த ஊர் உணவு வங்கிக்கு அனுப்பிவிட வேண்டும்.

1992இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கேன்ஸ்ட்ரக்‌ஷன்' போட்டியின் விதிகள் இவை. கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், அவர்களிடம் கற்கும் மாணவர்கள் எனப் பல நகரங்களில் குழுக்கள் கலந்துகொள்கின்றன. நியூயார்க் கண்காட்சியின் டின்கள் 'சிட்டி ஹார்வெஸ்ட்' என்னும் உணவு மீட்பு அமைப்புக்குப் போகின்றன. பார்ப்பவருக்கு இது வேடிக்கை. கட்டுபவருக்கோ இயற்பியல், பார்வை அறிவியல், ஊட்டச்சத்து மூன்றிலும் ஒரே நேரத்தில் பரீட்சை.

முதலில் இயற்பியல். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பீன்ஸ் டின் ஏறக்குறைய 7.6 செ.மீ. விட்டமும் 11.3 செ.மீ. உயரமும் கொண்டது. 8 அடிக்கு அடுக்கினால் 21 வரிசை வரும். அப்படியானால் அடியில் இருக்கும் டின் தன் தலையில் 20 டின்களை, அதாவது சுமார் 10 கிலோவைச் சுமக்கிறது. சுவரின் தடிமன் 0.2 மி.மீ. அளவுதான். ஆனாலும் வட்டமாக வளைத்த தகடு நேர்கீழாக வரும் பாரத்தைச் சுற்றிலும் சமமாகப் பகிர்ந்துகொள்வதால், இதைப்போலப் பல மடங்கு பாரத்தையும் அது தாங்கும்.

அந்த வலிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு: சுவரில் பள்ளம் இருக்கக் கூடாது. பள்ளம் விழுந்த இடத்தில் பாரம் நேர்கோட்டை விட்டு விலகுகிறது; தகடு அங்கேதான் முதலில் நெளிந்து மடியும். உணவு விஷயத்திலும் இதே பள்ளம் ஆபத்தானது. டின்னின் விளிம்பு மடிப்பில் அடிபட்டால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டாகி, கிருமிகள் நுழைய வழி கிடைக்கலாம். டின்களைத் தரம் பிரிக்கும் மாணவர், சிற்பத்தின் பாதுகாப்பையும் சாப்பிடப்போகிறவரின் பாதுகாப்பையும் ஒரே பார்வையில் சோதிக்கிறார்.

டின் நொறுங்குவதைவிட அடுக்கு சாய்வதுதான் பெரிய கவலை. கீழ் வரிசை டின் ஒன்று ஒரு பக்கம் 1 மி.மீ. தூக்கி நின்றால், அதன் மேல் நேராக ஏறும் அடுக்கு 8 அடி உயரத்தில் 3 செ.மீ.க்கு மேல் விலகிப்போயிருக்கும். தரை எங்குமே முழுச் சமமாக இருப்பதில்லை. அதனால்தான் வரிசைகளுக்கு நடுவே மெல்லிய அட்டையோ ஒட்டுப்பலகையோ வைக்க விதி இடம்தருகிறது. அது மட்டத்தைச் சரிசெய்கிறது. ஒரு டின்னின் பாரத்தைக் கீழே உள்ள பல டின்களுக்குப் பிரித்தும் கொடுக்கிறது.

கொலுப்படி போல மேலே போகப்போக உள்வாங்கும் வடிவம் என்றால் கவலையில்லை. திமிங்கிலத்தின் வாயோ பறவையின் அலகோ வெளியே நீட்ட வேண்டுமென்றால்தான் சோதனை. இங்கே ஓர் அழகான கணக்கு உதவுகிறது. ஒரே அளவுள்ள நான்கு கட்டைகளை மேசை விளிம்பில் அடுக்குங்கள். மேல் கட்டை தனக்குக் கீழுள்ளதைத் தாண்டி அரைப் பங்கு நீளம், அடுத்தது கால் பங்கு, பிறகு ஆறில் ஒன்று, கடைசியாக எட்டில் ஒன்று என நீட்டலாம். கூட்டினால் 24இல் 25 பங்கு! அதாவது மேல் கட்டை முழுவதும் மேசைக்கு வெளியே வந்துவிடும், இருந்தும் விழாது. மேலே உள்ளவற்றின் பொது ஈர்ப்பு மையம் கீழ்க் கட்டையின் விளிம்பைத் தாண்டாத வரை அடுக்கு நிற்கும். இது மயிரிழைச் சமநிலை என்பதால், மாணவர்கள் நீட்டலைக் குறைத்து, பின்பக்கம் எதிர்ப்பாரமாகக் கூடுதல் டின்களை ஏற்றுகிறார்கள்.

அடுத்து, படம். 10 அடிக்கு 8 அடிச் சுவரில் 840 டின்கள்தான் கொள்ளும். ஒவ்வொரு டின்னையும் ஒரு வண்ணப்புள்ளி என்று கொண்டால், கைப்பேசித் திரையின் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு முன் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் நம் மூளைக்கு இது போதும். 1973இல் லியோன் ஹார்மன் என்ற ஆய்வாளர் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைக் கரடுமுரடான கட்டங்களாகக் காட்டினார். கிட்டப் பார்த்தால் வெறும் கட்டங்கள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினால் லிங்கன். கட்டங்களின் கூரிய விளிம்புகள் மங்கியதும், உள்ளே இருக்கும் பெரிய வடிவத்தை மூளை பிடித்துக்கொள்கிறது. டின் சிற்பத்தையும் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து பார்க்க வேண்டியது இதனால்தான்.

வண்ணம் தீட்டவும் வழியில்லை. லேபிள் கிழியாமல் இருக்க வேண்டும். சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பு லேபிள் உள்ள உணவைத்தான் தேட வேண்டும். இங்கேதான் மூன்றாவது பரீட்சை வருகிறது. நடுவர்கள் கட்டமைப்புச் சாதுரியத்துக்கும் லேபிள் பயன்பாட்டுக்கும் பரிசு தருவதோடு, 'சிறந்த சாப்பாடு' என்றும் ஒரு பரிசு வைத்திருக்கிறார்கள். சிற்பத்தைக் கலைத்தால் கிடைக்கும் உணவில் புரதம், காய், பழம் எல்லாம் சேர்ந்த ஒரு வேளைச் சாப்பாடு தேற வேண்டும். அழகான நீலம் கிடைக்கிறது என்பதற்காக ஒரே பண்டத்தை மலையாகக் குவித்தால் அந்தப் பரிசு கிடைக்காது. வரைபடத்தில் போடும் ஒவ்வொரு கோடும் யாரோ ஒருவரின் தட்டில் முடிகிறது.

பணமாகக் கொடுத்தால் உணவு வங்கிகள் மொத்த விலையில் இதைவிட அதிகம் வாங்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அது உண்மையும்கூட. ஆனால் பசி பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. 2023இல் அமெரிக்காவிலேயே 100 குடும்பங்களில் 13க்கும் மேற்பட்டவை போதிய உணவு நிச்சயமில்லாமல் இருந்தன என்கிறது அந்நாட்டு வேளாண் துறை. உலகில் 2022இல் வீடுகளும் உணவகங்களும் கடைகளும் வீணாக்கிய உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. அந்த 105 கோடி டன், நுகர்வோர்வரை வந்துசேர்ந்த உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 2024இல் பசியோடு இருந்தவர்கள் சுமார் 67 கோடி பேர் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிடுகின்றன. தனித்தனியாகப் படித்து மறந்துவிடும் இந்த எண்கள், கையால் தூக்கி அடுக்கிய டின்களாகும்போது எடை பெறுகின்றன.

இந்த மாணவர்கள் நாளை சந்தைகளையும் பள்ளி உணவுக்கூடங்களையும் கிடங்குகளையும் கட்டப்போகிறவர்கள். இங்கே மிஞ்சும் உணவு எந்த வழியாக வெளியே போகும், யாரிடம் போகும் என்ற கேள்வியைப் படிக்கட்டுக்கும் ஜன்னலுக்கும் இணையாக வரைபடத்திலேயே அவர்கள் கேட்கத் தொடங்கினால், பசிக்கு எதிராக ஒரு கட்டடம் செய்யக்கூடிய வேலை அங்கிருந்தே தொடங்கிவிடும்.