காட்டுப்பன்றிக்கு எந்த துப்பாக்கி? லைசென்ஸ் இருந்தாலும் நீங்க சுட முடியாது!

சேலம்: குச்சிக்கிழங்கு காட்டுக்குள் பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி புகுந்தால் போதும், பத்து மாசப் பாடு காலி. தின்பது கொஞ்சம், உழுது போட்டுவிட்டுப் போவது நிறைய. வாழப்பாடி, ஆத்தூர், தம்மம்பட்டி பக்கமும் சரி, ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கமும் சரி, மக்காச்சோளம், கடலை போட்டவர்களுக்கும் இதே கதிதான்.

டீக்கடையில் இந்தப் பேச்சு எடுத்தால் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: எந்த துப்பாக்கி வாங்கலாம்?

நாட்டுத் துப்பாக்கி

குழாய் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு கெட்டிக்கிற ரகம் இது. பயிர்ப் பாதுகாப்புக்காக இதற்கு லைசென்ஸ் தர 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் பன்றிக்கு சரிப்படாது. ஒரு வெடிதான். மறுபடி கெட்டிப்பதற்குள் அடிபட்ட பன்றி ஆள் மேலேயே பாயும். நன்கு வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோவைத் தாண்டும். அதன் முன் தோள்பட்டையில் தோல் கேடயம் மாதிரி தடித்துக் கிடக்கும். வெறும் ஈயச் சில்லு அங்கே பட்டால் கோபம்தான் வரும்.

12 போர், .315

12 போர் துப்பாக்கியில் பெரிய குண்டுகள் உள்ள எல்.ஜி. தோட்டா போட்டால் 30, 40 கெஜத்துக்குள் வேலை செய்யும். அதற்கு மேல் குண்டுகள் சிதறிவிடும். .22 ரைபிள் தோட்டா இரண்டரை கிராம் சொச்சம்தான். முயலுக்கான ரகம் அது, பன்றியை காயப்படுத்தி விரட்டத்தான் உதவும்.

.315 ரைபிள் அப்படி அல்ல. குண்டே சுமார் 16 கிராம், 100 மீட்டர் தாண்டியும் எலும்பை உடைக்கும். மேற்கு வங்காளத்தில் இச்சாப்பூர் அரசு தொழிற்சாலையில் தயாராவது. ராணுவ ரகமான .303 பொதுமக்களுக்கு கிடையாது என்பதால்தான் .315 இவ்வளவு பிரபலம்.

அப்போ .315 தானே பெஸ்ட்? அடர்ந்த காட்டில் சரி. நம்ம ஊர் சமவெளியில் வரப்புக்கு வரப்பு சாளை, கிணத்து மேட்டில் கயித்துக் கட்டில், ராத்திரி தண்ணி பாய்ச்சும் ஆள். ரைபிள் குண்டு குறி தவறினால் கிலோ மீட்டர் கணக்கில் போகும். பாறையில் பட்டு திசை திரும்பவும் செய்யும். அதனால் இங்கே கிட்டத்தில் 12 போர், தூரத்தில் என்றால் பரண் மேல் இருந்து கீழ் நோக்கி .315. தவறினாலும் குண்டு மண்ணுக்குள் போகணும்.

சுடுவது யார்?

இதெல்லாம் சுட அனுமதி உள்ளவர்களுக்கு. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வேட்டை அனுமதி வேறு. இதைத்தான் பலரும் போட்டுக் குழப்பிக் கொள்கிறார்கள். வனஉயிரின பாதுகாப்புச் சட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் காட்டுப்பன்றி 2-வது அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் சுட்டால் 3 வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கள்ளத் துப்பாக்கியாக இருந்தால் அது தனி கேஸ், குறைந்தது 2 வருஷம்.

2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டசபையில் அறிவித்த கணக்கு இது: காப்புக்காட்டில் இருந்து 1 கிலோ மீட்டருக்குள் வந்த பன்றியை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை என்றால் பிடித்து காட்டில் விட வேண்டும். 3 கிலோ மீட்டர் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நாம் 'காடு' என்று சொல்லும் விளைநிலம் இந்தக் கணக்கில் வராது, காப்புக்காட்டு எல்லைதான் கணக்கு. கொல்லிமலை, போதமலை அடிவாரத்தில் எல்லையை ஒட்டியே வெள்ளாமை வைத்திருப்பவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை என்பதும் உண்மை.

கேரளாவில் 2022 முதல் பஞ்சாயத்து தலைவரே உத்தரவு போடலாம், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் சுடலாம். ஆனால் கறி போட முடியாது, குழி தோண்டி புதைக்கணும்!

கொக்கி போட்டால் கொலை

துப்பாக்கி இல்லையென்று சிலர் கரண்ட் கம்பியில் கொக்கி போட்டு வேலிக்கு இழுத்து விடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி வைத்த வேலியில் 3 பெண் யானைகள் செத்தன, 2 குட்டிகள் அனாதையாக நின்றன. இப்படி வைத்த கம்பியில் மனுஷனும் மாட்டுகிறான். பேட்டரி, எனர்ஜைசர் வைத்து விட்டு விட்டு ஷாக் கொடுக்கும் வேலிக்கும் 2023-ல் தனி விதி வந்துவிட்டது. போடுவதற்கு முன்னால் வனத்துறையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பன்றி புகுந்த அன்றே சேதத்தை போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் மனு கொடுத்து விடுங்கள். காப்புக்காட்டு எல்லையில் இருந்து உங்க நிலம் எத்தனை கிலோ மீட்டர் என்பதையும் மனுவில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.