குடியானவர் மின்தொழிலுக்கு மாறுதல்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு முதலிய ஜில்லாக்களில் கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழ்ந்த குடியானவர்களுள் பலர், நடுத்தர வயதில் வேறு தொழில் தேட வேண்டிய நிலைமையை அடைகின்றனர். திறந்த கிணறுகள் வறண்டு, ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடிக்குக் கீழும் இறங்கிவிட்ட கிராமங்களில், முன்பு நான்கு ஏக்கர் பயிர் செய்தவர் இன்று ஓர் ஏக்கருக்குத் தண்ணீர் காண்பது அரிதாக இருக்கின்றது. இவ்வாறு வேறு ஜீவனம் தேடுவோரில் ஒரு சாரார் மின்தொழிலை நாடுவது இயல்பே. பம்பு செட்டுடன் பல ஆண்டுகள் பழகியவர்களுக்கு அத்தொழில் அந்நியமாகத் தோன்றுவதில்லை. அப்பழக்கம் அவர்களுக்கு நல்ல முதலாகும். அதுவே அவர்களுடைய உயிருக்குப் பெரிய அபாயமும் ஆகும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து கொள்பவரே இத்தொழிலில் நிலைத்து நிற்க முடியும்.

இத்தொழில் தோன்றிய விதம்

மின்சாரம் வருவதற்கு முன்னர் இப்பக்கத்துத் தோட்டங்களில் மாடுகளைப் பூட்டிக் கவலை இறைப்பதே வழக்கமாக இருந்தது. பறி தைப்பவர், வடம் திரிப்பவர், உருளை செதுக்கும் தச்சர் ஆகியோர் பாசனத்துக்குத் துணை நின்றனர். 1932-ம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியதும், 1937-ல் மேட்டூர் அணையின் மின்சாரம் கிடைக்கத் தொடங்கியதும் இந்நிலைமையை மாற்றின. கவலை மறைந்த இடத்தில் மோட்டாரும், பறி தைப்பவர் இருந்த இடத்தில் காயில் கட்டுபவரும் வந்தனர். அதே 1937-ம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்களும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் கோயமுத்தூரிலேயே மின்மோட்டார் செய்து காட்டினர். ஜி. டி. நாயுடு அவர்கள் கலங்கல் என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டி யந்திர வேலையைக் கற்றவர். 1920-ல் பஸ் தொழிலில் இறங்கிய பின்னரே மின்யந்திரங்களின் பக்கம் திரும்பினார். தொழில் மாறுவதற்கு வயது தடையல்ல என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

பழக்கத்தால் வரும் நன்மை

குடியானவருடைய செவி பயிற்சி பெற்ற செவி. மோட்டார் சரியாக ஓடும் ஒலியும், தண்ணீர் குறைந்து பம்பு காற்றை இழுக்கும் ஒலியும், ஒரு பேஸ் போனவுடன் எழும் உறுமலும் அவருக்குத் தனித்தனியே தெரியும். அவ்வுறுமலின் காரணத்தையும் அவர் கற்றுக்கொண்டால் போதும். 5 குதிரைச் சக்தி மூன்று பேஸ் மோட்டார், முழுச் சுமையில் சுமார் ஏழரை ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். ஓடும்பொழுது ஒரு பேஸ் நின்றுவிட்டால், மற்ற இரண்டு கம்பிகளில் ஏறக்குறைய 1.7 மடங்கு மின்னோட்டம் பாயும். காவல் சாதனம் நிறுத்தாவிடில் காயில் கருகிவிடும். ஆகவே கருகிய மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. பேஸ் நின்ற காரணத்தையும், ஸ்டார்ட்டரிலுள்ள காவல் சாதனம் வேலை செய்யாத காரணத்தையும் கண்டு திருத்தாவிடில் அதே மோட்டார் மறு மாதம் கடைக்குத் திரும்பி வரும்.

காயில் கட்டுதலில் புதியவர் செய்யும் பெரும் பிழை, பழைய காயிலை அவசரமாக வெட்டி எடுத்துவிடுதலாகும். வெட்டுவதற்கு முன்னர், காடிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு காயிலிலும் உள்ள சுற்றுகள், கம்பியின் கனம், காயில் எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குப் போகின்றது, முனைகளின் இணைப்பு ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். விதைத்த தேதியையும் உரமிட்ட அளவையும் குறித்துவைக்கும் குடியானவருக்கு இது புதிய வழக்கமன்று.

பழக்கத்தால் வரும் கேடு

இனிக் கூறப்படுவது முக்கியமானது. தன் தோட்டத்தில் குடியானவர் மின்சாரத்தைக் கையாண்டதெல்லாம் அவசரத்திலேயாகும். மும்முனை மின்சாரம் சில மணி நேரமே வரும். வாழையோ கரும்போ வாடிக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் பியூஸ் போய்விடும். மெயினை அணைக்காமலே கம்பியை முறுக்கி மாட்டியிருப்பார். ஈரக் காலோடு ஸ்டார்ட்டரைத் திறந்திருப்பார். இருபது ஆண்டுகளாக ஒன்றும் நேரவில்லை என்பதனால் அதுவே சரியான முறை என்று நம்பியிருப்பார். ஆனால் மனித உடலின் வழியே சுமார் 50 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இருதயத் துடிப்புக் குலைந்து உயிர் போகக்கூடும். ஒரு 60 வாட் பல்பு எடுக்கும் மின்னோட்டத்தில் இது ஐந்தில் ஒரு பங்கே.

கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைத்துக்கொள்வதும் போதாது. இரண்டு பேஸ் மட்டும் வரும் வேளைகளில் கன்டென்சர் வைத்து மோட்டாரை ஓட்டும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. அவ்வாறு ஓடும் மோட்டாரிலிருந்து, மின்சாரம் வராத மூன்றாவது கம்பிக்கும் அழுத்தம் திரும்பி வரக்கூடும். ஆகையால் மெயினை அணைத்தல், பியூஸ் கட்டைகளைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளுதல், வேலை செய்யும் சோதனைக் கருவியால் ஒவ்வொரு கம்பியையும் சோதித்தல், அதன் பின்னரே தொடுதல் என்னும் வரிசை ஒருநாளும் மாறலாகாது. டிரான்ஸ்பார்மரும் கம்பமும் மின்வாரிய ஊழியருக்குரியவை. அவற்றில் ஏறுவது பிறர் வேலையன்று. பன்றிக்கென வேலிக்கு நேரே மின்சாரம் கொடுக்கச் சொல்வோருக்கு மறுப்பைத் தவிர வேறு விடை இல்லை. அது சட்டவிரோதம் மட்டுமன்று, மனிதரையும் கொல்வது.

தொழில் மாறிய பின்னர் இதில் ஒரு புதிய சோதனை எழுகின்றது. முன்பு அவர் பட்ட அவசரத்தை இப்பொழுது அவரை அழைக்கும் குடியானவர் படுவார். “மெயினை அணைக்க வேண்டாம், ஒரு நிமிஷ வேலைதானே அண்ணா?” என்பார். அழைப்பவர் உறவினராகவும் இருக்கலாம். வாடும் பயிரின் வேதனை அவருக்கே நன்கு தெரிந்ததாகவும் இருக்கலாம். அவ்வேளையில் மறுக்கும் உறுதி வந்த நாளே அவர் மின்தொழிலாளியான நாளாகும். அதற்கு முன்னர் அவர் கருவிப் பை தூக்கிய குடியானவரே.

கற்கும் வழிகள்

1950-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டத்தின் கீழ், அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர், கம்பியாள் ஆகிய இரு பிரிவுகளிலும் இரண்டாண்டுப் பயிற்சி தரப்படுகின்றது. முன்னதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், பின்னதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்கள் 40 வயது வரையில் சேரலாம். பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை.

படிப்பு இல்லாதவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. அநுபவமுள்ள உரிமதாரரிடம் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் வயரிங் வேலை பழகி, 21 வயது நிரம்பியவர்கள், மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கும் உச்ச வயது இல்லை. சான்றிதழ் வெறும் காகிதமெனக் கருதுதல் தவறு. உரிமமும் தகுதிச் சான்றும் உடையோரின் பொறுப்பில்தான் மின்னமைப்பு வேலைகள் நடைபெற வேண்டுமென்று சட்டம் விதிக்கின்றது.

கற்கும் காலத்தில் நிலம்

பழகுங்காலத்தில் வருமானம் சொற்பமாகவே இருக்கும். ஆதலால் தொழில் கற்கப் புறப்படும்பொழுதே நிலத்தை விற்றுவிடுதல் உசிதமன்று. மஞ்சள், காய்கறி போன்ற ஆள்வேலை மிகுந்த பயிர்களைக் குறைத்து, இருக்கும் தண்ணீருக்கு ஏற்பச் சொட்டுநீர் அமைத்துச் சிறிது தீவனச் சோளமும், இரண்டு கறவை மாடுகளும் வைத்துக்கொண்டால் குடும்பச் செலவு ஒருவாறு நடக்கும். இதில் பெரும் சுமை வீட்டுப் பெண்கள் மேல் விழுமாதலால், முடிவு செய்வதற்கு முன்னர் அவர்களைக் கலந்து கொள்ளுதல் அவசியம்.

வேலை வந்த பின்னரும் பணம் உடனே வரும் என்று எண்ணலாகாது. அழைப்பவர்களும் குடியானவர்களே, அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்வார்கள். காயிலுக்குரிய தாமிரக் கம்பியின் விலையை முன்னதாகவும், கூலியைத் தவணையாகவும் பெறுவது இரு சாராருக்கும் நலம். எழுதிவைத்த கணக்கே உறவையும் தொழிலையும் ஒருங்கே காக்கும்.

நிலத்தில் செய்த பிழையை அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். மின்கம்பியில் செய்த பிழைக்கு அடுத்த பருவம் இல்லை. இதனை மறவாத குடியானவர், தம்முடைய பழைய அறிவையும் புதிய ஒழுங்கையும் சேர்த்துக்கொண்டு, கிராமத்துக்கு இன்றியமையாத ஒரு தொழிலாளியாக விளங்குவார் என்பதில் ஐயமில்லை.